கல்யாண கார்ட்டுக்கு இட்டாலிக் எழுத்து: புதுசா டிசைன் பழகுறவைக்கு

போன வருஷம் என்ர மச்சாளின்ர கல்யாண கார்ட்டை டிசைன் பண்ணினது நான் தான். இங்கிலீஷ் பக்கம், தமிழ்ப் பக்கம் ரெண்டும் ஒரே ஃபைல்ல கிடந்தது, தமிழ்ப் பக்கத்தை பிரஸ்ல பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்ல அடிச்சுத் தந்தவை. கடைசி நாள் இரவு மாப்பிள்ளை வீட்டில இருந்து கோல் எடுத்து "எழுத்தைக் கொஞ்சம் ஸ்டைலா, சாய்ஞ்ச மாதிரிப் போடுங்கோ தம்பி" எண்டு சொல்ல, நானும் நித்திரைக் கண்ணோட எல்லாத்தையும் ஒரேயடியா செலக்ட் பண்ணி, ஒரு வடிவான இட்டாலிக் ஃபொன்டைக் குடுத்து அனுப்பிட்டுப் படுத்திட்டன். அடுத்த நாள் புரூஃப் பார்க்கப் போனா, கார்ட்டின்ர உச்சியில பிள்ளையார் சுழி இருக்க வேண்டிய இடத்தில, வளைஞ்சு நெளிஞ்சு அவ்வளவு நளினமா ஒரு இங்கிலீஷ் "சீ" நிக்குது. பாமினியில உ எண்ட எழுத்து இருக்கிறது சிம்பிள் சீ, அதாவது சின்ன எழுத்துச் சீ கீயில, ஃபொன்டை மாத்தினா அடியில கிடக்கிற சீ வெளிய வந்திடும். மாமி கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்திட்டு "நல்ல காரியத்தைச் சீ எண்டு தொடங்குறியோடா" எண்டவ. அச்சடிக்க முதல் பிடிபட்டது, பிள்ளையாரே காப்பாத்தினவர்.

அதுக்குப் பிறகு தெரிஞ்ச பெடியள் பெட்டையள் கன பேர் என்னட்ட இட்டாலிக்கைப் பற்றித்தான் கேக்கினம். கொழும்பில வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் வீட்டில இருந்தே கார்ட், கேக் பெட்டி லேபல், சாறிக் கடை போர்ட் எண்டு செய்து குடுக்கிற ஆக்கள் இப்ப நிறைய. அவைக்காக, நான் செய்யிற ஒழுங்கிலயே சொல்லுறன்.

முதல்ல கண்ணைப் பழக்குங்கோ

செரிஃப் எண்டா எழுத்தின்ர நுனியில இருக்கிற சின்னக் குதி. பேப்பர்ல, கதைப் புத்தகத்தில வாற இங்கிலீஷ் எழுத்தில காலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் தட்டையா ஒரு கோடு நிக்குமே, அதுதான். நேரா நிக்கிற அந்த எழுத்துக்குப் பேர் ரோமன். அதோட சோடியா வாறது இட்டாலிக்.

இஞ்சதான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுறது. ரோமனை வலப்பக்கம் தள்ளிவிட்டா இட்டாலிக் வரும் எண்டு நினைக்கினம், வராது. இட்டாலிக் வேற ஒரு கையெழுத்தில இருந்து வந்த எழுத்து. 15ஆம் நூற்றாண்டில இத்தாலியில படிச்ச ஆக்களும் கந்தோர்க் கிளாக்குமாரும் வேகமா, பேனாவை அதிகம் தூக்காமல் எழுதின கை. வெனிஸ்ல அல்டஸ் மனூசியஸ் எண்ட பதிப்பாளர் இருந்தவர், அவருக்கு எழுத்து வெட்டிக் குடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அவை ரெண்டு பேரும் அந்தக் கையெழுத்தை ஈயத்தில வார்த்து 1501இல பழைய லத்தீன் கவிஞர் வெர்ஜிலின்ர கவிதைகளை முழுக்க முழுக்க இட்டாலிக்லயே கையடக்கப் புத்தகமா அடிச்சவை. அந்தப் புத்தகத்தில சிம்பிள் எழுத்துத்தான் சாய்ஞ்சது, கெப்பிட்டல் எல்லாம் நேரா நிண்டது. இப்ப நாங்கள் செய்யிற மாதிரி ரோமனுக்கு நடுவில ஒரு சொல்லை மட்டும் இட்டாலிக்ல போடுற பழக்கம் அதுக்குப் பிறகு வந்தது.

சரி, ஸ்கிரீன்ல எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? சிம்பிள் ஏயைப் பாருங்கோ. ரோமன்ல அதுக்கு மேல ஒரு கொக்கி, கீழ ஒரு வயிறு எண்டு ரெண்டு மாடி இருக்கும். உண்மையான இட்டாலிக்ல ஒரு மாடி தான், நாங்கள் கையால எழுதுற ஏ மாதிரி. பிறகு சிம்பிள் எஃப்: கன இட்டாலிக்ல அது கோட்டுக்குக் கீழ இறங்கி வால் விடும். என், எம், யூ எண்ட எழுத்துகளின்ர அடியில தட்டைக் குதி இல்லாமல், அடுத்த எழுத்துக்குப் போக வெளிக்கிட்ட மாதிரி ஒரு சின்ன வளைவு நிக்கும். இந்த மூண்டையும் பாத்தாக் காணும்.

ஏ ரெண்டு மாடியோடயே சாய்ஞ்சு நிக்குதெண்டா அநேகமா அது கொம்பியூட்டர் சாய்ச்சது. நீங்கள் எடுத்த ஃபொன்ட்ல இட்டாலிக் ஃபைல் இல்லாட்டி, வேர்ட்ல அந்த ஐ பட்டனை அமத்தேக்க அது தானே ரோமனைச் சரிச்சுப் போட்டிடும், ஒரு சொல்லும் சொல்லாது. அப்பிடிச் சரிச்ச ஓ எழுத்தைப் பெருசாக்கிப் பாருங்கோ, ஒரு மூலை தடிச்சு மற்ற மூலை மெலிஞ்சு, காத்துப் போன பலூன் மாதிரி இருக்கும். சில டிசைனர்மார் வேணுமெண்டே சரிச்ச ரோமனைத் திருத்திச் செய்யிறதும் உண்டு, அதுக்கு ஒப்ளிக் எண்டு பேர், செரிஃப் இல்லாத எழுத்துகளில அது சாதாரணம். செரிஃப்ல எனக்கு அது பிடிக்காது, கார்ட்டுக்கு எடுக்கவே மாட்டன்.

ஃபொன்ட் தெரிவு செய்யிறது

காசு குடுத்து வாங்க ஏலாத ஆக்களுக்குக் கூகுள் ஃபொன்ட்ஸ்லயே போதுமானது கிடக்கு. நான் திரும்பத் திரும்பப் பாவிக்கிறதைச் சொல்லுறன்.

ஈபி கரமொண்ட். பேர்ல இருக்கிற ஈபி எண்டது எகெனோல்ஃப்-பேர்னர், 1592இல அந்த எழுத்து வார்க்கிற பட்டறை வெளியிட்ட ஒரு மாதிரித் தாளை வைச்சுச் செய்த ஃபொன்ட். அதின்ர ரோமன் கிளோட் கரமொண்ட் வெட்டினது, இட்டாலிக் ரொபேர் கிராஞ்சோன் வெட்டினது, அதாவது சோடி சேர்ந்ததே ரெண்டு பேரின்ர கையால. அமைதியான எழுத்து, சின்னச் சைஸ்லயும் வாசிக்கலாம். என்னட்ட ஒண்டைத்தான் எடுக்கச் சொன்னா இதைத்தான் எடுப்பன்.

கோர்மொரண்ட். கிறிஸ்டியன் தால்மன் செய்தது, கரமொண்ட் வழிதான் ஆனால் கோடு சரியான மெல்லிசு, எழுத்தின்ர உடம்பு சின்னன், மேல கீழ போற காம்புகள் நீளம். பெருசாப் போட்டா மணப்பெண் மாதிரி நிக்கும். எட்டுப் பொயிண்ட்ல போட்டா தூசி. இது தலைப்புக்குச் செய்த எழுத்து, அதை மறந்திட்டு விலாசம் எல்லாத்தையும் இதில போட்ட கார்ட்டுகளை நான் கையில வாங்கியிருக்கிறன், மண்டபம் எங்க எண்டு கோல் எடுத்துத்தான் கேட்டது.

பிளேஃபெயார் டிஸ்பிளே. கிளவுஸ் எகர்ஸ் சோரன்சன் செய்தது, தடிப்பும் மெல்லிசும் நல்லா வித்தியாசம் தெரியும், 18ஆம் நூற்றாண்டுக் கடைசிப் பாணி. கடை போர்டுக்கு, நகைக்கடை லோகோவுக்கு நல்லது. ஒரே குறை, காலி வீதியால ஒருக்கா நடந்து போனா சலூன், பூக்கடை, கேக் கடை எண்டு எல்லா இடமும் இது மாதிரி எழுத்துத்தான். இன்னும் கூடுதலா மின்னுற எழுத்து வேணுமெண்டா பொடோனி மோடா இருக்கு, அதில மெல்லிய கோடு மயிர் அளவு தான், அச்சில என்ன நடக்குமெண்டு கீழ சொல்லுறன்.

தெரியேக்க ஃபொன்ட்டின்ர சொந்தச் சாம்பிள் வசனத்தைப் பாத்து மயங்காதேங்கோ, அது அந்த எழுத்துக்கு வடிவா வாற சொல்லாப் பாத்துப் போட்டது. நீங்கள் போடப்போற பேரையே அடிச்சுப் பாருங்கோ. எங்கட பேருகளை இங்கிலீஷில எழுதேக்க டீயும் எச்சும் சேர்ந்து வாறது சரியான கூட: தர்ஷன், தாரணி, தயாபரன் எல்லாம் அப்பிடித்தான் தொடங்கும். ஈபி கரமொண்ட் மாதிரி ஃபொன்டுகளில அந்த ரெண்டும் ஒட்டி ஒரே எழுத்தா வரும், அதை லிகெச்சர் எண்டு சொல்லுறது, பேரின்ர முதல் எழுத்தே நகை போட்ட மாதிரி. ஆனா சில பழைய பாணி இட்டாலிக்ல எச்சின்ர வலக்கால் உள்ளுக்கு மடங்கி பீ மாதிரித் தெரியும், வீ அடியில உருண்டு நிக்கும். நீதா எண்ட பிள்ளையின்ர பேரை நிட்பா எண்டு வாசிச்சா யார் பொறுப்பு? அந்த வீட்டில உள்ள வயசான ஒருத்தருக்குக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கோ.

இன்னொண்டு, இட்டாலிக் பொதுவா ரோமனை விட ஒடுக்கம். சிவசுப்பிரமணியம் எண்ட பேர் இங்கிலீஷில 15 எழுத்து, தகப்பன்ர பேர் முன்னுக்கு முழுசா வேணுமெண்டும் நிப்பினம். அஞ்சு அங்குல அகலக் கார்ட்டில அது ஒரு வரியில அடங்க இட்டாலிக் பெரிய உதவி.

லைசென்ஸ்

மேல சொன்ன எல்லாம் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபொன்ட் லைசென்ஸ்ல வாறது. காசுக்கு வேலை செய்து குடுக்கலாம், பிடிஎஃப்ல சேர்க்கலாம், ஃபொன்ட்டைத் தனியா விக்கிறது தான் கூடாது. மற்ற இலவச சைட்டுகளில இருந்து இறக்கினா "பேர்சனல் யூஸ்" எண்டு எழுதிக் கிடக்கோ எண்டு பாருங்கோ, அப்பிடியெண்டா கடைக்காரருக்குச் செய்யிற லோகோவுக்கு அதைப் பாவிக்க ஏலாது. களவு ஃபொன்ட் புதுப் பிரச்சினையே இல்லை. அல்டஸின்ர இட்டாலிக்கை லியோன் நகரத்தில உடனயே கொப்பி அடிச்சு வித்தவை, மனுசன் பொறுக்க ஏலாமல் 1503இல அந்தக் கொப்பிகளில உள்ள பிழைகளை எல்லாம் எடுத்துக்காட்டி ஒரு எச்சரிக்கை அச்சடிச்சு விட்டவர். அதைப் பார்த்து கொப்பி அடிச்சவை தங்கட பிழைகளைத் திருத்தினது தான் பகிடி.

கொம்பியூட்டர்ல போடுறது

இறக்கின சிப் ஃபைலைத் திறந்தா ரோமன் ஒண்டு, இட்டாலிக் ஒண்டு எண்டு தனித்தனி ஃபைல் இருக்கும், ரெண்டையும் இன்ஸ்டோல் பண்ணுங்கோ. கன பேர் முதலாவதை மட்டும் போட்டிட்டு, பேந்து ஐ பட்டனை அமத்தி கள்ள இட்டாலிக்கோட நிக்கிறவை. இப்ப வாறது வேரியபிள் ஃபொன்ட், ஒரு ஃபைலுக்குள்ள எல்லாத் தடிப்பும் இருக்கும், ஆனா பிரஸ்ல உள்ள பழைய கோரல்ட்ரோ டிசைன் சொஃப்ட்வெயார் அதை விளங்காமல் முழிக்கும். அதே சிப்புக்குள்ள ஸ்டட்டிக் எண்டு ஒரு ஃபோல்டர் கிடக்கும், அதில இருந்து போட்டா கரைச்சல் இல்லை. போட்ட பிறகு வேர்டை மூடித் திறங்கோ.

எழுத்தை அடுக்கிறது

இதுதான் உண்மையான வேலை, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுறன்.

இட்டாலிக்கை எங்க போடுறது எண்டு முதல்ல முடிவு எடுங்கோ. கார்ட்டில எனக்குப் பொருத்தமாப் படுறது ரெண்டு இடம்: பொண்ணு மாப்பிள்ளையின்ர பேர், மற்றது "உங்களை அன்போட அழைக்கிறம்" எண்ட மாதிரி வாற ஒரு வரி. திகதி, நேரம், மண்டபம், விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் அதே குடும்பத்து ரோமன்ல. ஏனெண்டா எல்லாமே இட்டாலிக் எண்டா எதுவும் தெரிஞ்சு நிக்காது, ஒரு வீட்டில எல்லாரும் பட்டுச் சாறி கட்டினா பொண்ணு ஆர் எண்டு தேடுற மாதிரி. நீளமான பந்தியை இட்டாலிக்ல வாசிக்கவும் களைக்கும்.

கார்ட்டுக்கு வெளியில எண்டா இதுக்கெண்டு கிடக்கிற இடங்கள் வேற. புத்தகத்தின்ர பேர், கப்பலின்ர பேர், பிராணிகளின்ர விஞ்ஞானப் பேர். எங்கட சிறுத்தையின்ர பந்தெரா பார்டஸ் கொட்டியா எண்ட பேரை யால போஸ்டர்ல நேரா எழுதினா கம்பஸ்ல சூவோலொஜி படிச்ச ஒருத்தர் கட்டாயம் வந்து குறை சொல்லுவார். அளுத்கடையில சட்டத்தரணியளுக்கு வேலை செய்தா வழக்கின்ர பேரையும் இட்டாலிக்ல கேப்பினம்.

சைஸ். ஒரே 12 பொயிண்ட் எண்டாலும் ஒரு ஃபொன்ட் பெருசாவும் மற்றது சின்னனாவும் தெரியும், சிம்பிள் எக்ஸ் எழுத்தின்ர உயரம் ஒவ்வொண்டிலயும் வேற எண்டபடியால். அதை எக்ஸ்-ஹைட் எண்டு சொல்லுறது. ஈபி கரமொண்ட்ல 10 பொயிண்ட்ல வாசிக்கிறதை கோர்மொரண்ட்ல 12, 13 ஆக்க வேணும். நம்பரை நம்பாமல் உண்மையான சைஸ்ல பிரிண்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடிச்சுப் பாருங்கோ. பேருகளை 28இல இருந்து 40க்குள்ள வைச்சா அஞ்சுக்கு ஏழு அங்குலக் கார்ட்டில அளவா இருக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவில தாராளமா விடுங்கோ, 10 பொயிண்ட் எழுத்துக்கு 14 பொயிண்ட் எண்ட கணக்கில, ஏனெண்டா மேல் வரியில எஃப்பும் ஜீயும் வையும் கீழ வால் விட, கீழ் வரியில இருந்து எச்சும் கேயும் மேல ஏறி வந்து இடிபடும்.

எழுத்துகளுக்கு நடுவில இடைவெளியை இழுக்காதேங்கோ. இதை நான் ஆயிரம் தரம் சொல்லிட்டன். இட்டாலிக் எழுத்து ஒண்டின்ர வால் அடுத்ததைத் தொடப் போற மாதிரிச் செய்தது, அந்த ஓட்டத்தில தான் வடிவே இருக்கு. இழுத்து விட்டா பல்லு விழுந்த சிரிப்பு. கெப்பிட்டல் மட்டும் ஒரு வரியில வந்தா, அதுக்குக் கொஞ்சம் இடைவெளி குடுக்கலாம், அது நல்லாயிருக்கும்.

சில இட்டாலிக்குக்கு ஸ்வொஷ் கெப்பிட்டல் இருக்கும், கே, ஆர் எல்லாம் நீளமா வால் விட்டு வரும். சொல்லின்ர முதல் எழுத்துக்கு ஒண்டு போதும். முழுப் பேரையும் ஸ்வொஷ் கெப்பிட்டல்ல போட்டா முள்ளுக்கம்பி வேலி தான். வேர்ட்ல ஃபொன்ட் பெட்டியில அட்வான்ஸ்ட் எண்டு ஒரு பக்கம் இருக்கு, லிகெச்சர், ஸ்டைலிஸ்டிக் செட், நம்பர் வடிவம் எல்லாம் அங்க மாத்தலாம். நம்பர் வடிவத்தைச் சொன்னா: இப்பிடியான ஃபொன்டுகளில பழைய பாணி இலக்கமும் இருக்கும், 3, 4, 7, 9 எல்லாம் கோட்டுக்குக் கீழ இறங்கும். வருஷத்துக்கு நல்ல வடிவு. ஃபோன் நம்பருக்கு வேண்டாம், ஒரே உயரமான லைனிங் இலக்கம் போடுங்கோ.

பேருகளுக்கு நடுவில வாற அந்த "அண்ட்" குறி இருக்கே, அதுக்கு மட்டும் நான் அரை நாள் மினக்கெடுவன். லத்தீன்ல "எட்" எண்டா "உம்" எண்டு அர்த்தம், அந்தச் சொல்லின்ர ஈயும் டீயும் ஒண்டா முறுகி வந்தது தான் அந்தக் குறி. ரோமன்ல அது அடையாளம் தெரியாமல் போச்சு, நல்ல இட்டாலிக்ல இப்பவும் ஈயையும் டீயையும் தனித்தனியாக் காணலாம். பேருகள் ரெண்டும் நேரான கெப்பிட்டல்ல, நடுவில இந்த ஒரு குறி மட்டும் பெருசா இட்டாலிக்ல. வேற அலங்காரமே தேவைப்படாது. பூ, மயில், குத்துவிளக்கு எல்லாத்தையும் எடுத்திடலாம், வீட்டுக்காரர் விட்டா.

தமிழ்ப் பக்கம்

தமிழைச் சரிக்காதேங்கோ. எங்கட எழுத்துக்கு இப்பிடி ஒரு இட்டாலிக் மரபு இல்லை. கொல்லத்தில 1578இல தம்பிரான் வணக்கம் எண்ட தமிழ்ப் புத்தகம் அச்சான காலத்தில இருந்து தமிழ் நேராத்தான் நிண்டது. சரிச்சா ட, ப மாதிரி மூலை உள்ள எழுத்து விழப்போற மதில் மாதிரி வரும், சுழி எல்லாம் நசியும். வட்ஸ்அப்பில சொல்லுக்கு ரெண்டு பக்கமும் அண்டர்ஸ்கோர் போட்டுத் தமிழைச் சாய்ச்சுப் பாருங்கோ, நான் சொல்லுறது விளங்கும். நோட்டோ செரிஃப் தமிழ்ல சாய்ஞ்ச வகை ஒண்டு இருக்குத்தான், புத்தகத்தில ஒரு சொல்லைப் பிரிச்சுக் காட்ட உதவும், கார்ட்டின்ர பேருக்கு நான் எடுக்கமாட்டன். கையெழுத்து மாதிரி ஓட்டம் வேணுமெண்டா எங்கட நாட்டு எழுத்துருவாக்குநர் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் ஃபொன்டைப் பாருங்கோ, அது சாய்வாவே யோசிச்சு வரைஞ்ச தமிழ், அதால உறுத்தாது.

என்ர வழி: இங்கிலீஷ் இட்டாலிக் மெல்லிசா ஓடேக்க, தமிழை நேரா, தடிப்பு மெல்லிசு தெரியிற ஒரு எழுத்தில, நோட்டோ செரிஃப் தமிழின்ர லைட் வகையில போடுறது. தமிழ் எழுத்து உடம்பு பெருசு, அதால ரெண்டு பொயிண்ட் குறைச்சுப் போட்டாத்தான் பக்கத்தில வைக்கேக்க சமமாத் தெரியும். சொல்லைத் தூக்கிக் காட்ட வேணுமெண்டா தடிப்பாக்குங்கோ, இல்லாட்டி நிறத்தை மாத்துங்கோ.

பாமினிக் கதைக்கு வாறன். பாமினி யூனிகோட் இல்லை, அதாவது தமிழ் எழுத்துக்கெண்டு தனி இலக்கம் உள்ள பொது முறையில செய்ததில்லை, இங்கிலீஷ் கீகளுக்கு மேல தமிழ் முகமூடி போட்ட மாதிரி. "அம்மா" எண்டு தெரியிறது உள்ளுக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஃபொன்டை மாத்தின உடன முகமூடி கழண்டிடும். ஆனபடியா ஒருநாளும் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஃபொன்ட் மாத்தாதேங்கோ, தமிழையும் இங்கிலீஷையும் வேற வேற லேயர்ல வைச்சு தமிழ் லேயரைப் பூட்டி விடுங்கோ. யூனிகோட்ல வேலை செய்யிறீங்கள் எண்டா அடோபி சொஃப்ட்வெயார்ல வேர்ல்ட்-ரெடி எண்டு தொடங்குற எழுத்து அமைப்பு இருந்தா அதைத் தெரிவு செய்யவேணும், இல்லாட்டி கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும்.

பிரஸ்சுக்குக் குடுக்கிறது

மெல்லிய கோடு தான் இஞ்ச எதிரி. ஸ்கிரீன்ல தெரியிற பொடோனியின்ர மயிர்க்கோடு, கரும் மெரூன் பின்னணியில வெள்ளை எழுத்தா வந்தா, நாலு நிற மையும் நூல் அளவு விலகினாலே மூடுப்பட்டிடும், எழுத்து துண்டு துண்டா நிக்கும். இருண்ட பின்னணி எண்டா ஒரு படி தடிச்ச எழுத்து எடுங்கோ. வெள்ளைத் தாள்ல சின்னக் கறுப்பு எழுத்தை கறுப்பு மை நூறு வீதம் மட்டும் எண்டு வையுங்கோ, நாலு நிறம் கலந்த கறுப்பு வேண்டாம். கோல்ட் ஃபொயில் அடிக்கிறதெண்டா இன்னும் கவனம், உலோக பிளொக்கைச் சூடாக்கி அமத்திற வேலை எண்டபடியால் மெல்லிய கோட்டில ஃபொயில் பிடிக்காது, நெருக்கமான ஓட்டை அடைபட்டுப் போகும். கோர்மொரண்ட் லைட்டை ஃபொயில்ல அடிச்சு நான் பட்டது காணும், இப்ப செமிபோல்ட் தான். சொரசொரப்பான தாள் எண்டாலும் இதே கதை.

ஃபைலை அனுப்ப முதல் எழுத்துகளை கேர்வ் ஆக்குங்கோ, அதாவது ஃபொன்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமா மாத்துங்கோ: கோரல்ல கன்ட்ரோலும் கியூவும், இல்லஸ்ட்ரேட்டர்ல கிரியேட் அவுட்லைன்ஸ். இல்லாட்டி அவையின்ர மெஷின்ல உங்கட ஃபொன்ட் இல்லாமல் வேற ஒண்டு ஏறி உக்காரும். திருத்தக்கூடிய ஃபைலை உங்களட்ட வேறயா வையுங்கோ, ஏனெண்டா கேர்வ் ஆக்கினாப் பேந்து ஸ்பெல்லிங் மாத்த ஏலாது, கல்யாண வீட்டில கடைசி நேரம் ஒரு பேர் கட்டாயம் மாறும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டேக்க வெள்ளை தெரியாமல் பின்னணியை வெளியால நீட்டி, விடுங்கோ. புரூஃபை நேர போய், போடப்போற அதே மட்டையில எடுத்துப் பாருங்கோ, ஃபோன்ல அனுப்புற படத்தை வைச்சு ஓகே சொல்ல வேண்டாம். இப்ப கன பேர் வட்ஸ்அப் கார்ட் மட்டும் தான் அனுப்புகினம், அதுக்கும் மெல்லிய இட்டாலிக் கூடாது, படம் நசிஞ்சு போகேக்க முதல்ல காணாமல் போறது அந்தக் கோடு தான்.

நீங்களே எழுதிப் பாக்க ஆசை எண்டா

எனக்கு இட்டாலிக் விளங்கினது கையால எழுதின பிறகு தான். பைலட் பாரலல் பேனா கிடைச்சா வாங்குங்கோ, இல்லாட்டி ரெண்டு பென்சிலை ரப்பர் பேண்டால சேர்த்துக் கட்டினாலே அகல நிப் பேனா மாதிரி வேலை செய்யும். சதுரக் கோட்டுக் கொப்பி ஒண்டு எடுங்கோ. நுனியை வரிக்கு 45 பாகை சரிவாப் பிடிச்சு, அந்தப் பிடியை மாத்தாமல் எழுதவேணும், தடிப்பு மெல்லிசு தானா வரும். சிம்பிள் எழுத்தின்ர உயரம் நிப் அகலத்தில அஞ்சு மடங்கு, சாய்வு ஒரு அஞ்சு இல்லாட்டி பத்துப் பாகை.

முதல் கிழமை என் மட்டும் எழுதுங்கோ. அதின்ர வளைவு காலின்ர உச்சியில இருந்து கிளம்பாது, காலின்ர நடுவுக்குக் கிட்ட இருந்தே பிரிஞ்சு, மரக்கொப்பு மாதிரி மேல போய் வளையும், அந்தப் பிரியிற இடம் தான் இட்டாலிக்கின்ர உயிர். என் வந்தா எச், எம், ஆர் வந்த மாதிரி, தலைகீழாப் பிடிச்சா யூ. பிறகு ஏ, அதோட டி, ஜி, கியூ.

நல்லா வந்த எழுத்துகளை ஸ்கேன் பண்ணி ஃபொன்ட்ஃபோர்ஜ் எண்ட ஃபொன்ட் செய்யிற சொஃப்ட்வெயார்ல போடலாம், அது இலவசம். ஒரு எழுத்தின்ர கட்டம் 1000 அலகு எண்டு வையுங்கோ, மேல 800 கீழ 200. ஸ்கேனைத் தானா ட்ரேஸ் பண்ண விட்டா நூறு புள்ளி போட்டுக் குவிச்சிடும், அதால மேல வைச்சு நீங்களே கோடு இழுங்கோ, வளைவுக்குக் குறைஞ்ச புள்ளி. சாய்வை ஃபொன்ட் தகவல்ல எழுதேக்க மைனஸ் போடவேணும், வலப்பக்கம் 8 பாகை சாய்ஞ்சா மைனஸ் 8, நான் சும்மா 8 எண்டு போட்டு கேர்சர் எதிர்ப்பக்கம் சரிஞ்சு நிக்க ஏனெண்டு தெரியாமல் ரெண்டு நாள் தேடினனான். இடைவெளியை என் என் என் எண்டு வரிசையா அடிச்சுச் சரி பண்ணுங்கோ, காலுக்கும் காலுக்கும் நடுவில உள்ளயும் வெளியயும் ஒரே வெளிச்சம் வாற வரைக்கும், பேந்து நடுவில ஓவைப் போட்டுப் பாருங்கோ. கேர்னிங், அதாவது பக்கத்தில பக்கத்தில வாற ரெண்டு எழுத்தின்ர இடைவெளியைத் தனியாத் திருத்துறது, கடைசியில தான், அதுவும் சோடி சோடியா, முதல்ல கெப்பிட்டல் வீயும் சிம்பிள் ஏயும்.

26 எழுத்தும் செய்ய வேணுமெண்டு இல்லை. ஒரு கார்ட்டுக்கு ரெண்டு பேர், அதுக்குத் தேவையானது பத்து, பன்ரெண்டு எழுத்து. என்ர முதல் ஃபொன்ட்ல 11 எழுத்தும் ஒரு அண்ட் குறியும் தான் இருந்தது, இப்பவும் அதில எஸ் இல்லை.